இரண்டு பிக்கப்பும் சேர்ந்தால் மெலிகிற பேஸ்: ஒரு பழுதின் முழு ஆய்வு

இந்த பேஸ் கிதாரோடு நான்கு புகார்கள் வந்தன. ஒலியில் கனம் இல்லை. டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்துவிட்டால் பேஸைத் தேட வேண்டியிருக்கிறது. ஆம்பில் எந்நேரமும் ஓர் இரைச்சல். மேல் ஃபிரெட்டுகளில் (கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கம்பிகளில்) சுருதி நிற்பதில்லை. தந்திகள் உயரமாக இருப்பதால் அரை மணி வாசித்தாலே இடது கை ஓய்ந்துவிடுகிறது.

கொண்டுவந்தவர் சென்னையில் ஒரு சர்ச் இசைக்குழுவில் ஞாயிறுதோறும் வாசிக்கும் இளைஞர். "அண்ணா, சத்தம் வருது. ஆனா அடியில ஒண்ணுமே இல்ல" என்றார். தந்தி மாற்றிப் பார்த்திருக்கிறார், கேபிள் மாற்றியிருக்கிறார், ஒலியின் அடி, நடு, மேல் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ பெடல் ஒன்றும் வாங்கியிருக்கிறார். எதற்கும் பலனில்லை. பேஸே மட்டம், விற்றுவிட்டு வேறு வாங்கலாமா என்பதுதான் அவருடைய கடைசிக் கேள்வி.

மட்டமான பேஸ் இல்லை. நல்ல மரம், ஒழுங்கான ஃபிரெட் வேலை. நான்கு புகார்களும் ஒரே இடத்தில் பிறந்தவை என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். முதல் கோளாறு சின்னது. அதை அடையாளம் காணாமல் ஒலியைத் தூக்கிவிட யார் யாரோ எதையெதையோ திருகியிருந்தார்கள். ஒவ்வொரு திருகலும் புதிதாக ஒரு கோளாறைச் சேர்த்துவிட்டிருந்தது.

முதலில் பேஸின் வகையைச் சொல்லிவிடுகிறேன். இது ஜாஸ் பேஸ் அமைப்பு. ஃபெண்டர் நிறுவனம் 1951இல் பிரிசிஷன் பேஸையும் 1960இல் ஜாஸ் பேஸையும் கொண்டுவந்தது. இன்று சந்தையில் இருக்கும் பேஸ்களில் பெரும்பகுதி இந்த இரண்டில் ஒன்றின் வழிவந்தவைதான். ஜாஸ் அமைப்பில் கழுத்துப் பக்கம் ஒன்றும், தந்திகள் உடலில் முடியும் பிரிட்ஜின் பக்கம் ஒன்றுமாக இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் (தந்தியின் அசைவை மின்னழுத்தமாக மாற்றும் காந்தமும் சுருளும்) இருக்கும். தனித்தனியாக இரண்டு வால்யூம், பொதுவாக ஒரு டோன். திறந்த தந்தியின் நீளம் 34 அங்குலம், அதாவது சுமார் 864 மி.மீ. பேட்டரி கிடையாது. பேட்டரி உள்ள ஆக்டிவ் பேஸாக இருந்தால், வேறு எதையும் தொடுவதற்கு முன் புது 9 வோல்ட் பேட்டரி போட்டுப் பார்த்திருப்பேன். கேபிளைச் செருகியபடியே விட்டால் அந்தப் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். தீரத் தீர ஒலி சன்னமாகி, பிறகு உடைந்து வரும். ஆக்டிவ் பேஸில் "திடீர்னு சவுண்டு போயிடுச்சு" என்றால் நிறைய நேரம் அவ்வளவுதான்.

சரி, இந்த பேஸுக்கு வருவோம்.

ஸ்க்ரூட்ரைவரை எடுப்பதற்கு முன் காதால் சோதிக்க வேண்டும். எனக்குப் பழக்கமான நல்ல கேபிள் ஒன்றைப் போட்டு, ஆம்பில் ஈக்யூ எல்லாவற்றையும் நடுவில் வைத்து, நான்கு தந்திகளில் (ஈ, ஏ, டி, ஜி) மிகத் தடித்த ஈ தந்தியை மட்டும் சீராக மீட்டச் சொன்னேன். கழுத்துப் பக்க பிக்கப் மட்டும் முழுசாக: நல்ல கனமான ஒலி. பிரிட்ஜ் பக்க பிக்கப் மட்டும் முழுசாக: கொஞ்சம் இறுக்கமாக, மூக்கால் பேசுவதுபோல. அதுதான் அதன் இயல்பு, குறை எதுவும் இல்லை. இரண்டையும் முழுசாகத் திறந்ததும் ஒலி சுருங்கிவிட்டது. அடிப்பகுதி மொத்தமும் காணாமல் போய், மேலே ஒரு தகரச் சத்தம் மட்டும் நின்றது.

அப்புறம் பிரிட்ஜ் பக்க வால்யூமைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன். குறைத்ததும் பேஸ் சத்தமாகிவிட்டது. வால்யூமைக் குறைத்தால் சத்தம் கூடுகிறது. இதைக் கேட்ட பிறகு எங்கே தேடுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. இரண்டு பிக்கப்புகளும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இணைக்கப்பட்டிருந்தன.

தந்தி மேலே போகும்போது ஒரு பிக்கப் கூட்டல் திசையில் மின்னழுத்தம் தந்தால், அடுத்ததும் அப்படியே தர வேண்டும். இங்கே அது கழித்தல் திசையில் தந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒரே கேபிளில் சேரும்போது ஒன்றை ஒன்று தின்றுவிடும். அதிலும் அடி ஒலிதான் முதலில் போகும். ஈ தந்தியின் அடிப்படை அதிர்வெண் 41 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வில் தந்தி முழுவதும் ஒரே வளைவாக ஆடுவதால் இரண்டு பிக்கப்புகளும் கிட்டத்தட்ட ஒரே அசைவைத்தான் பார்க்கின்றன. ஆகவே கழித்தல் நன்றாக நடக்கிறது. மேல் அதிர்வுகளில் தந்தி பல வளைவுகளாகப் பிரிந்து ஆடும். இரண்டு பிக்கப்புகளும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் வெவ்வேறு அசைவைப் பார்க்கின்றன, முழுசாகக் கழியாது. மிஞ்சுவது அந்தத் தகரச் சத்தம். ஈக்யூ பெடல் ஏன் உதவவில்லை என்பதும் இதிலேயே தெரிகிறது. பேஸுக்குள்ளேயே கழிந்துபோன ஒலியை வெளியே எந்தப் பெடலாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

இரைச்சல் புகாரும் இதே கதைதான். ஜாஸ் அமைப்பில் ஒரு பிக்கப்பின் சுருளை மற்றதற்கு எதிர்த்திசையில் சுற்றி, காந்தத்தையும் தலைகீழாக வைப்பது வழக்கம். அப்படிச் செய்தால் தந்தியின் ஒலி இரண்டிலும் ஒரே திசையில் வந்து கூடும். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலுக்குக் காந்தத்தோடு சம்பந்தமில்லை, சுருளோடு மட்டும்தான் சம்பந்தம். அதனால் இரைச்சல் எதிரெதிராக வந்து அடங்கிவிடும். இரண்டு வால்யூமையும் முழுசாகத் திறக்கும்போது ஜாஸ் பேஸ் அமைதியாவது இதனால்தான். ஒரு பிக்கப்பின் இரண்டு வயர்களை மாற்றிப் போட்டால் எல்லாம் தலைகீழ். ஒலி கழியும், இரைச்சல் கூடும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் இரைச்சல் 50, 100, 150 என்று பேஸின் சொந்த எல்லைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். மெலிந்த பேஸ் ஒலிக்குப் பக்கத்தில் அது இன்னும் பெரிதாகக் கேட்கும். "இரண்டு பிக்கப்பும் திறந்தால் ஒலி மெலிகிறது, இரைச்சலும் அடங்கவில்லை" என்று யாராவது சொன்னால், இந்தக் கோளாறின் கைரேகையே அதுதான்.

காதால் கேட்டதை மீட்டரால் உறுதிசெய்துகொண்டேன். கேபிளின் மறுமுனையில் மல்டிமீட்டரை வைத்து, 20 கிலோ ஓம் அளவில், ஒரு பிக்கப்பை மட்டும் திறந்து பார்த்தால் 7 கிலோ ஓம் சுற்றி வந்தது. மற்றதும் அதே அளவில்தான். இரண்டையும் திறந்தால் பாதியாகி 3.6. அதாவது இரண்டு சுருளும் உயிரோடு இருக்கின்றன, எங்கும் அறுந்துபோகவில்லை. அடுத்து, ஒரு இரும்பு ஸ்க்ரூட்ரைவரின் நுனியை பிக்கப்பின் காந்தத்தில் ஒட்டவைத்து வெடுக்கென்று இழுத்தேன். மீட்டரில் எண் ஒரு கணம் எகிறியது. பிரிட்ஜ் பக்கத்தில் அதையே செய்தபோது எண் ஒரு கணம் இறங்கியது. சரியாக இணைத்த ஜோடி இரண்டும் ஒரே பக்கம்தான் போகும். இதற்கு முள் உள்ள பழைய மீட்டர் இன்னும் நல்லது. அந்தத் துள்ளல் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

கன்ட்ரோல் தகட்டைக் கழற்றியதும் வரலாறு தெரிந்தது. பிரிட்ஜ் பக்க வால்யூம் மட்டும் புதிது. அதன் சால்டர் பளபளப்பாக இருந்தது, மற்றவை மங்கியிருந்தன. அந்தப் பிக்கப்பின் வெள்ளை வயர் எர்த்திலும் கறுப்பு வயர் வால்யூமிலும் பற்றவைக்கப்பட்டிருந்தன. விசாரித்தபோது சொன்னார்: முன்பு ஒருநாள் கேபிள் செருகும் ஜாக் லூசாகி, உள்ளே சுற்றிச் சுற்றி வயர் அறுந்துவிட்டது. ஒரு கடையில் கொடுத்தார். ஜாக்கைச் சரிசெய்ததோடு, கரகரத்துக்கொண்டிருந்த வால்யூமையும் அவர்களே மாற்றித் தந்தார்கள். அந்த மாற்றத்தின்போதுதான் வயர் இடம் மாறியிருக்கிறது. வீட்டில் மெதுவாக வாசித்துப் பார்த்தபோது ஒலி வந்தது, அவரும் திருப்தியாகத்தான் வாங்கி வந்தார். குழுவோடு வாசித்தபோதுதான் குறை தெரிந்தது.

இரண்டு வயர்களையும் எடுத்து இடம் மாற்றிப் பற்றவைத்தேன். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. சில பிக்கப்புகளில் அடியில் ஒரு உலோகத் தகடு இருக்கும். அது எர்த் வயரோடு இணைந்திருந்தால், வயரை மாற்றும்போது அந்தத் தகடு ஒலிப் பக்கம் போய் இரைச்சலை இழுக்கும். இந்த பேஸில் வயர் தவறாக இருந்ததே தவிர தகடு எதுவும் இல்லை, எனவே சிக்கலில்லை. ஜாக்கை உள்ளே கையால் பிடித்துக்கொண்டு, பல் வாஷர் ஒன்று சேர்த்து வெளி நட்டை இறுக்கினேன். உள்ளே பிடிக்காமல் வெளியே மட்டும் இறுக்கினால் ஜாக் சேர்ந்தே சுற்றும், வயர் மறுபடி முறுக்கிக்கொள்ளும். ஜாக் லேசாக ஆடத் தொடங்கும்போதே இதைச் செய்திருந்தால் இந்த பேஸுக்கு இத்தனை பாடு வந்திருக்காது.

ஆம்பில் போட்டு இரண்டையும் முழுசாகத் திறந்தோம். இரைச்சல் அடங்கியது. ஈ தந்தி மேஜையில் வந்து அதிர்ந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, வாசித்துக்கொண்டே இருந்தார்.

ஆனால் வேலை பாதிதான் முடிந்திருந்தது. மீதி மூன்று புகார்களில் இரண்டு இன்னும் அப்படியே இருந்தன.

ஒலி மெலிந்தபோது அவர் முதலில் செய்தது, பிக்கப்புகளைத் தந்திக்கு அருகே உயர்த்தியது. அருகே வந்தால் சத்தம் கூடும் என்பது உண்மைதான். கடைசி ஃபிரெட்டில் ஈ தந்தியை அழுத்திப் பிடித்து அளந்தேன். தந்தியின் அடிக்கும் காந்தத்துக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர்தான் இருந்தது. பழைய பாணி பிக்கப்புகளுக்கு ஃபெண்டர் சொல்லும் தொடக்க அளவு ஈ பக்கம் 3.2 மி.மீ., ஜி பக்கம் 2.4 மி.மீ. மிக அருகில் வந்தால் காந்தம் தந்தியையே பிடித்து இழுக்கும். இழுபடும் தந்தி ஒழுங்காக ஆடாது. ஒரே ஸ்வரத்துக்குள் ஒலி அலைபாயும், டியூனரின் முள் ஓரிடத்தில் நிற்காது, நீண்டு ஒலிக்கவும் செய்யாது. மேல் ஃபிரெட்டில் அழுத்தும்போது தந்தி காந்தத்துக்கு இன்னும் நெருங்குவதால் அங்கேதான் அதிகம் தெரியும். "மேல சுருதி நிக்கலை" என்ற புகாரில் பெரும்பங்கு இதுதான். பிக்கப்புகளை இறக்கியதும் முள் அமைதியானது.

இரண்டாவதாக, கேட்காத ஒலியைக் கேட்கவைக்க அவர் தந்தியை ஓங்கி இழுத்து வாசிக்கத் தொடங்கியிருக்கிறார். ஓங்கி இழுத்தால் தந்தி ஃபிரெட்டில் பட்டு அதிரும். அந்த அதிர்வுச் சத்தத்தைப் போக்க வேறொருவர் கழுத்துக்குள் அதன் வளைவைக் கட்டுப்படுத்தும் ட்ரஸ் ராட் என்ற கம்பியைத் தளர்த்தி, பிரிட்ஜில் தந்தி உட்காரும் சேடில்களையும் ஏற்றிவிட்டிருக்கிறார். சத்தம் போனது. பதிலுக்குத் தந்தி விரலுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. உயரமான தந்தியை ஃபிரெட் வரை அழுத்தும்போது அது நீளும், நீண்டால் சுருதி ஏறும். மேல் ஃபிரெட்டுகளில் சுருதி கெட்டதற்கு மீதிக் காரணம் இது.

எல்லாவற்றையும் புதிதாக, வரிசையாகச் செய்தேன். இந்த வரிசைதான் முக்கியம். ஒன்றை மாற்றினால் அதற்குப் பின்னால் வருவது மாறும், முன்னால் உள்ளது மாறாது என்கிறபடி அமைந்த வரிசை இது.

முதலில் புதுத் தந்தி. செட்டப் செய்யும்போதே அடுத்து எந்த கனத் தந்தியைப் போடப்போகிறோமோ அதைப் போட்டுவிட வேண்டும். நான்கு தந்திகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் கழுத்தை இழுக்கின்றன. கனம் மாறினால் இழுப்பு மாறும், கழுத்தின் வளைவும் மாறும். இங்கே 45 முதல் 105 வரையிலான (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) நிக்கல் தந்தி. தந்தியை வெட்டுவதற்கு முன் வெட்டும் இடத்துக்குச் சற்று உள்ளே மடக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மேல் சுற்று நழுவித் தந்தி செத்த ஒலி தரும். இந்த வகைத் தலைப்பகுதியில் டி, ஜி இரண்டையும் கீழே அமுக்க ஒரு கொக்கி இருக்கும். ஏ தந்திக்கு இல்லை. ஆகவே ஏ தந்தியைச் சாவியில் சுற்றும்போது சுற்றுகள் கீழ்நோக்கி இறங்க வேண்டும். மேலேயே நின்றுவிட்டால் கழுத்தின் முனையில் தந்தியைத் தாங்கும் நட்டின் பள்ளத்தில் தந்தி அழுந்தி உட்காராது, திறந்த ஏ மட்டும் கிர்ரென்று அதிரும். அந்த ஒலியைக் கேட்டுவிட்டு ஃபிரெட்டைத் தேய்க்கப் போனவர்கள் உண்டு.

அடுத்து கழுத்து. முதல் ஃபிரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, கடைசி ஃபிரெட்டில் ஈ தந்தியை அழுத்தி, 8ஆவது ஃபிரெட்டில் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்தால் 0.7 மி.மீ. இருந்தது. இந்த பேஸின் ஃபிங்கர்போர்டுக்கு 0.3 மி.மீ. சுற்றி இருந்தால் போதும். ட்ரஸ் ராடை வலப்பக்கம் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகக் கூடாது. திருகி, மறுபடி டியூன் செய்து, மரத்துக்குச் சற்று நேரம் கொடுத்து, மறுபடி அளக்க வேண்டும். திருகி விறைப்பாக நின்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ராட் உடைந்தால் கழுத்தே போய்விடும். இந்த ராட் நல்லபடியாக அசைந்தது, 0.3க்கு வந்தது.

பிறகு தந்தி உயரம். 17ஆவது ஃபிரெட்டில் ஈ தந்தி 3.5 மி.மீ. உயரத்தில் இருந்தது. சேடிலை இறக்கி ஈ தந்தியை 2.4க்கும் ஜி தந்தியை 2 மி.மீ.க்கும் கொண்டுவந்தேன். ஆம்ப் இல்லாமல் வாசித்தால் சில இடங்களில் மெல்லிய உரசல் கேட்டது. ஆம்பில் கேட்கவில்லை. ஆம்பில் கேட்காத உரசலை நான் துரத்துவதில்லை. அதைத் துரத்தித்தான் இந்தத் தந்திகள் முன்பு அந்த உயரத்துக்குப் போயின. முழு ஒலி திரும்பிவிட்டதால் அவர் இப்போது ஓங்கி இழுக்க வேண்டியதும் இல்லை.

இதற்குப் பிறகு பிக்கப் உயரத்தை மறுபடி சரிபார்த்து, கடைசியாக இன்டொனேஷன், அதாவது மேல் ஃபிரெட்டுகளிலும் சுருதி சரியாக நிற்கும்படி தந்தியின் நீளத்தைத் திருத்துவது. 12ஆவது ஃபிரெட்டின் மேல் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும், அதே ஃபிரெட்டில் அழுத்தி வாசிக்கும் ஸ்வரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னால் இழுத்துத் தந்தியை நீட்ட வேண்டும், இறங்கியிருந்தால் முன்னால் தள்ள வேண்டும். பழைய தந்தியில் இதைச் செய்யவே முடியாது. அழுக்கும் தேய்மானமும் உள்ள தந்தியின் எடை ஒரே சீராக இருக்காது, ஹார்மோனிக்கே பொய் சொல்லும்.

இரைச்சலைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பிக்கப்பை மட்டும் திறந்தால் இந்த பேஸ் இன்னும் லேசாக இரையும். அது ஒற்றைச் சுருளின் குணம். தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைகிறது, ஆகவே பிரிட்ஜின் அடியில் போகும் எர்த் வயர் சரியாக இருக்கிறது. தொட்டதும் கூடினால்தான் எர்த்தையோ ஜாக் இணைப்பையோ சந்தேகிக்க வேண்டும். கன்ட்ரோல் குழிக்குள் செம்புத் தகடு ஒட்டி எர்த்தோடு இணைத்தால் டியூப் லைட், டிம்மர் பக்கத்தில் வரும் சிணுங்கல் கொஞ்சம் குறையும். மேடையில் இரைச்சல் வருகிறது என்று ஆம்பின் மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளைக் கழற்றிவிடுகிற வழக்கம் நிறைய இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். ஆம்பில் கசிவு வந்தால் அந்த மின்சாரம் தந்தி வழியாக வாசிப்பவர் உடம்புக்கு வரும். மறு கை மைக்கைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. மிக்சருக்குப் போகும் லைனில் இரைந்தால் டிஐ பாக்ஸில் (பேஸை மிக்சரோடு இணைக்கும் பெட்டியில்) கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

எல்லாம் முடிந்தபின் அவர் இன்னொன்றைக் காட்டினார். ஜி தந்தியில் 6ஆவது ஃபிரெட்டில் மட்டும் ஸ்வரம் சீக்கிரம் செத்துவிடுகிறது. பக்கத்து ஃபிரெட்டுகளில் நீண்டு ஒலிக்கிறது. ஃபிரெட் உயர்ந்திருக்கிறதா என்று குட்டை ஸ்கேலை மூன்று மூன்று ஃபிரெட்டாக வைத்து ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. ஜி தந்தியை அரை ஸ்வரம் இறக்கி டியூன் செய்ததும் அந்தச் சாவு 7ஆவது ஃபிரெட்டுக்கு நகர்ந்தது. ஃபிரெட்டில் குறை இருந்தால் அது இடம் மாறாது. இது ஸ்வரத்தைப் பின்தொடர்கிறது. கழுத்துக்கென்று ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. தந்தியின் ஸ்வரம் அதோடு ஒத்துப்போகும் இடத்தில் தந்தியின் ஆற்றல் மரத்துக்குள் இறங்கிவிடும், ஒலி சீக்கிரம் அடங்கும். மரக்கழுத்தும் பெரிய தலைப்பகுதியும் உள்ள இந்த வகை பேஸ்களில் ஜி தந்தியின் 5, 6, 7 ஃபிரெட் பகுதியில் இது பரவலாக இருப்பதுதான். எந்த செட்டப்பும் இதைப் போக்காது. தலைப்பகுதியில் ஒரு சின்ன எடையை மாட்டினால் கழுத்தின் அதிர்வெண் இறங்கி, சாவு வேறு ஸ்வரத்துக்கு நகரும். ஒரு கிளாம்ப் மாட்டிக் காட்டினேன். 6இலிருந்து 5ஐ நோக்கி நகர்ந்தது.

அவர் வாசிக்கும் குழுவில் 5ஆவது ஃபிரெட்டின் ஸ்வரம்தான் அதிகம் வருகிறது. அதனால் கிளாம்பைக் கழற்றிவிட்டோம். 6ஆவது ஃபிரெட் ஸ்வரம் நீண்டு நிற்க வேண்டிய இடங்களில் அதையே டி தந்தியின் 11ஆவது ஃபிரெட்டில் வாசிக்கிறார். கழுத்தின் அளவை அக்டோபரில் மழை தொடங்கியதும் ஒருமுறை வந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ஈரம் ஏறும்போது மரம் நகரும், 0.3 அப்போதும் 0.3ஆக இருக்கும் என்று சொல்ல முடியாது.